கரண்ட் இல்லாத நாளில் எழுதிய அட்டைகள்

பீளமேட்டில் நான் பஸ் ஏறும் நிறுத்தத்துச் சுவரில் இன்று காலை உங்கள் முகம் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய நீங்கள், கீழே கொட்டை எழுத்தில் 'நேர்மையின் உருவமே' என்று ஒரு வரி. நான் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, போயும்விட்டது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன்.

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். உங்களைப் பற்றி நான் யாரிடமும் பேசப்போவதில்லை. உங்களிடமே பேசுகிறேன், அதற்குத் தடை எதுவும் கிடையாது. அன்புள்ள என்று தொடங்க வரவில்லை. மரியாதைக்குரிய என்றும் வரவில்லை. 'நீங்கள்' என்று மட்டும் எழுதுகிறேன், அதுவும் பழக்கத்தால் வருவது. இந்த ஊரில் கழுத்தை அறுக்கும்போதும் வாங்க போங்க என்றுதானே பேசுகிறோம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம். மூன்றாம் வருஷப் பரீட்சை முடிந்து, பம்ப் செய்கிற உங்கள் ஆலைக்குப் பயிற்சிக்கு வந்தேன். முப்பது நாள். முடிவில் ஆலையின் முத்திரையோடு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்தால்தான், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளின் பட்டியலில் என் பெயர் ஏறும். அந்தக் காகிதம் எனக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் முதல் நாளே கேட்டீர்கள். அப்பா தாராபுரத்தில் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறார், எங்கள் வீட்டில் இஞ்சினியரிங் படிக்கும் முதல் ஆள் நான் என்றேன். "அப்பிடிங்களா கண்ணு? நல்லதுங்க, நல்லதுங்க" என்று சொல்லி எனக்கு டீ வரவழைத்தீர்கள்.

உங்களைத் தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். மெஷின் ஷாப்பில் ஒருவரையொருவர் கத்தித் திட்டிக்கொள்வார்கள். நீங்கள் லோடு ஏற்றுகிறவரைக்கூட "ஏனுங்க, கொஞ்சம் இப்படி வாரீங்களா" என்றுதான் கூப்பிடுவீர்கள். டெஸ்ட் பெட் உங்கள் ராஜ்யம். பெரிய தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் வால்வுகள், ஓரமாக உங்கள் கண்ணாடி அறை. பம்பைத் தொட்டியில் பொருத்தி ஓட்டி, எவ்வளவு உயரத்துக்கு விநாடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் அட்டை எழுதிக் கட்டி அனுப்ப வேண்டும். முதல் வாரம் நிஜமாகவே ஓட்டினோம். தொட்டித் தண்ணீர் கொந்தளிப்பதையும் காலுக்குக் கீழே தரை அதிர்வதையும் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் வாரம் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தீர்கள். "கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்களே! நம்ம கார்டெல்லாம் இனிமே நீங்களே எழுதிருங்க." அன்றிலிருந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி மூன்று. ஐந்து புள்ளி இரண்டு. ஒரு சிறு துண்டுத் தாளைப் பார்த்தபடி சொல்வீர்கள். விடிகாலை ஷிஃப்டில் ஓட்டியதைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பெரியவர் கையில் இருப்பதை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அட்டையில் 'எழுதியவர்' என்று ஒரு கட்டம், 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம். எழுதியவர் கட்டத்தில் என் பெயரையே போடச் சொன்னீர்கள். "உங்க வேலைங்க, உங்க பேரு இருக்கட்டும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவுக்கு போன் செய்து, நான் எழுதிய அட்டையோடு பம்ப் எந்தெந்த ஊருக்கோ போகிறது என்று சொன்னேன். அவர் களத்தில் கூட இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னது போனில் கேட்டது.

பிறகு அந்த நாள் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். ஆபீசுக்கும் விளக்குக்கும் ஜெனரேட்டர் ஓடியது. டெஸ்ட் பெட்டுக்கு அது பத்தாது என்று அந்தப் பக்கத்துக்கு இணைப்பே கொடுத்திருக்கவில்லை. மறுநாள் குடிநீர்த் திட்டத்துக்கு ஒரு லாட் பம்ப் போக வேண்டும். நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்.

"நேத்து ஓட்டுனதுங்க கண்ணு, பன்னெண்டு பம்ப். எழுதாம உட்டுப்போட்டேன். நேத்துக் கணக்கு முடிச்சாச்சுங்க, இன்னைக்குத் தேதி போட்டு எழுதிருங்க."

எழுதினேன். 415 வோல்ட் என்று சொன்னீர்கள், 415 என்று எழுதினேன். பன்னிரண்டும் முடிந்ததும் நீங்கள் சாப்பிடப் போனீர்கள். அட்டைகளை அடுக்கிப் பார்த்தேன். 'நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு, அதை நீங்கள் எப்போதும் காலியாகவே விடுவீர்கள். இத்தனை அழகாக எழுதிய அட்டையில் ஒரு கட்டம் மட்டும் மொட்டையாக இருந்தது என் கண்ணை உறுத்தியது. நானே நிரப்பினேன். முந்தின நாள் ஓட்டியிருக்கக்கூடிய நேரமாக, காலை 10.10, 10.35, 11.00 என்று இடைவெளி விட்டு, நம்பும்படியாக. அதை நீங்கள் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அது என் சொந்தக் கெட்டிக்காரத்தனம்.

மறுநாள் அந்த லாட்டைப் பார்க்க வந்த அதிகாரிக்கு வீடு பக்கத்திலேயே, கணபதி ஏரியாவில். நான்கு அட்டைகளைப் புரட்டினார், தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். "நேத்து சட்டவுன் ஆச்சுங்களே. எங்க ஊட்லயே பகலெல்லாம் கரண்ட் இல்லைங்க. நீங்க எதுல ஓட்டுனீங்க?" என்றார்.

மேனேஜர் அறையில் நாம் நின்றது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. உங்களுக்கும் இருந்திருக்கும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சரிபார்த்தவர் கட்டத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. பன்னிரண்டு அட்டையிலும் என் பெயர் மட்டும் முத்து முத்தாக இருந்தது.

"நான் கேன்டீன்ல இருந்தனுங்க. புள்ள ஏதோ ஆர்வத்துல எழுதிப்போட்டுதுங்க. சின்ன வயசுங்க, மன்னிச்சு உட்டுருங்க" என்றீர்கள்.

"சார்தான் சொன்னாங்க" என்றேன்.

என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் குரல் உயராமல் கேட்டீர்கள்: "நேரமெல்லாம் போடச் சொல்லி நான் சொன்னனுங்களா கண்ணு?"

சொல்லவில்லை. அதுதான் உண்மை. நூறு பொய்க்கு நடுவில் ஒரே ஒரு நிஜத்தைத் தேடி எடுத்து அதை என் மேல் எறிந்தீர்கள். அந்தத் திறமைக்காக மட்டும் உங்களை நான் இன்றும் மெச்சுகிறேன். மத்தியானத்துக்குள் என் அடையாள அட்டையைக் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

சான்றிதழ் இல்லை. அந்த வருஷம் கம்பெனிகள் வந்தபோது என் வகுப்பே புதுச் சட்டையில் வரிசையில் நின்றது. நான் பெண்கள் விடுதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த கோடையில் வேறு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி முடித்து, ஒரு வருஷம் பின்தங்கி, எப்படியோ கரையேறினேன். இதெல்லாம் ஒரு காயமா? வருஷம் போகும், வேறு வருஷம் வரும். நான் உங்களை மன்னிக்காதது அதற்காக இல்லை.

அப்பா தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். சிங்காநல்லூரில் இறங்கியவரை நேராக உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீங்கள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சான்றிதழ் கிடைக்கும் என்ற நம்பிக்கை. வாசல்வரை வந்து "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று அழைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை. உங்கள் மச்சானும் இன்னொருவரும் சோபாவில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டீர்கள். உங்கள் வீட்டம்மா எங்கள் இரண்டு பேருக்கும் பேப்பர் கப்பில் காப்பி கொண்டுவந்தார். வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், நான் பார்ப்பதையும் பார்த்தீர்கள். பிறகு சிரித்தபடி "சக்கரை போதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டீர்கள்.

அப்பா கும்பிட்டார். நீங்களும் பதிலுக்குக் கும்பிட்டீர்கள். "புள்ள நல்லாப் படிக்கிற புள்ளைங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு, அத நான் பெருசாவே எடுத்துக்கலைங்க. ஆனா கம்பெனி எங்கைல இல்லைங்களே" என்றீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, அப்பாவுக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னீர்கள்.

"உங்களுக்கு வயசு இருக்குதுங்க கண்ணு, எந்திரிச்சுக்குவீங்க. எனக்கு ஆறு வருஷம் சர்வீஸ் இருக்குது, இப்ப உழுந்தா எந்திரிக்க முடியாதுங்க."

உங்களைப் பற்றி உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். அதைக்கூட சாட்சி இல்லாத இடமாகப் பார்த்துச் சொன்னீர்கள்.

பஸ் ஸ்டாண்டுவரை அப்பா அந்தக் காலிக் கப்பைக் கையிலேயே வைத்திருந்தார், எங்கே போடுவது என்று தெரியாமல். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக மெதுவாகக் கேட்டார்: "அவரு நல்ல மனுசனாத்தான் தெரியறாரு. நீ ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டயா சாமி?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த மனுஷன், அரைமணி நேரம் உங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, என்னைவிட உங்களை நம்பிப் போனார். களத்தில் இருப்பவர்களிடம் என் படிப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் உரக்கப் பேசியதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி எங்களுக்கு நடுவில் வந்து உட்காரும். திரும்ப அவர் கேட்கவும் இல்லை, நான் எடுத்துச் சொல்லவும் இல்லை. நான் சொல்லி என்ன பயன்? நீங்கள் ஒருவர் சொன்னால்தான் அது தீரும்.

இன்று நான் பம்புகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு லேபில் மூத்த இஞ்சினியர். என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு தாள் வெளியே போகாது. ஓடாத பம்புக்கு ஒரு புள்ளிகூட எழுதமாட்டேன் என்று ஊரெல்லாம் பேர். மூன்று முறை ஓட்டி, மூன்று முறை குறித்து, கரண்ட் எங்கிருந்து வந்தது என்பதையும் ஓரத்தில் எழுதுவேன். எனக்குப் பின்னால் லேப் பையன்கள் கேலி செய்வது தெரியும். யாரை நினைத்துக்கொண்டு அப்படி எழுதுகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கே நீங்கள் வந்தீர்கள். ஓய்வு பெற்று, முடி கொட்டி, அதே இரண்டு பேனாவோடு. மருமகன் சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். அவர் முதன்முதலாகச் செய்த பம்புக்கு எங்கள் சான்று இருந்தால்தான் ஒரு பெரிய ஆர்டருக்கு விண்ணப்பிக்க முடியும். உங்களை எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. கண்ணாடி போட்டு, கொஞ்சம் பெருத்து, மேடமாகிவிட்ட என்னை உங்களுக்கு அடையாளமே தெரியவில்லை.

பம்பைத் தொட்டியில் பொருத்துகிற நேரத்தில் பேச்சுக் கொடுத்தீர்கள். "அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"தாராபுரம்."

இதோ சொல்லிவிடலாம், பெயரைச் சொல்லலாம், போனை எடுத்து அப்பாவை அழைத்து உங்கள் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"தாராபுரத்துல இருந்து ஒரு புள்ள எங்ககிட்ட டிரெய்னிங் வந்துச்சுங்க. பம்பு ஓட்டாமயே கார்டு எழுதிப்போட்டுருச்சுங்க, பன்னெண்டு கார்டு! கரண்டு இல்லாத நாள்லீங்க! கம்பெனில போலீசுக்குப் போறேன்னாங்க. நாந்தான் கையக் காலப் புடிச்சு, சின்னப் புள்ள, உட்டுருங்கன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். பொறவு என்ன ஆச்சோ, பாவம்."

நடிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. உங்கள் பொய்யை நீங்களே நம்பிவிட்டிருந்தீர்கள். அதில் நான் பொய்க்காரி, நீங்கள் என்னைக் காப்பாற்றிய புண்ணியவான். முகத்தில் அத்தனை இரக்கம்.

பம்ப் ஓடியது. விநாடிக்கு ஐந்து லிட்டர் தள்ள வேண்டும். முதல் தடவை ஐந்து புள்ளி இரண்டு. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதேதான். நல்ல பம்ப். உங்கள் மருமகன் உங்களைப் போல இல்லை, வேலை தெரிந்தவர். வழக்கம்போல அதை ஒரு துண்டுத் தாளில் குறித்தேன். பிறகு சான்றுத் தாளை எடுத்து நான்கு புள்ளி ஏழு என்று எழுதினேன். அடுத்த வரியில் நான்கு புள்ளி எட்டு. அதற்கு அடுத்ததில் திரும்பவும் நான்கு புள்ளி ஏழு. கடைசி எண் கொஞ்சம் மாறியிருந்தால்தான் நம்பும்படி இருக்கும், இல்லையா? நேரமும் போட்டேன். கையெழுத்து முத்து முத்தாக வந்தது.

நீங்கள் தாளை வாங்கிப் படித்தீர்கள். முகம் வாடியது. "ஏனுங்க அம்மணி, இன்னொருக்கா ஓட்டிப் பார்க்கலாமுங்களா?" என்றீர்கள்.

"மூணு தடவை ஓட்டியாச்சுங்க. மீட்டர் என்ன காட்டுதோ அதைத்தாங்க எழுத முடியும்" என்றேன், உங்களைவிடப் பணிவாக.

"அதுஞ்சரிதானுங்க" என்று கும்பிட்டுப் போனீர்கள். உங்கள் முதுகைப் பார்த்தபடி நின்றேன். சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அன்று முழுக்க இருந்தது.

மூன்று வாரம் கழித்து மருமகன் மட்டும் அதே பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாமா இத முன்னால வெச்சுட்டு உக்காந்தவருதானுங்க மேடம், சோறு தண்ணி இல்லாம பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தாரு. குறை எங்கீன்னே அவருக்குப் புடிபடலைங்க. கடைசியா உள்ள சுத்தற எறக்கைய அரத்துல ராவிப் பார்த்திருக்கோம்" என்றார். ஓட்டினேன். நான்கு புள்ளி ஒன்பது. இந்தத் தடவை மீட்டரே அப்படித்தான் காட்டியது. இல்லாத குறையைத் தேடி, நல்ல பம்பை நீங்களே கெடுத்து வைத்திருந்தீர்கள். அந்த ஆர்டருக்கு அவர்கள் விண்ணப்பிக்கவில்லை. முதல் தாள் பொய் என்று சொல்லாமல், இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் சர்வீஸ் இருக்கிறதே.

இப்போது நீங்கள் சுவரில் இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. முன்னைவிட அதிகமாகியிருக்கிறது. அப்பாவிடம் வந்து உண்மையைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சொல்ல வைக்க எனக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது. என் கையில் போன் இருந்தது, பேனாவும் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே அப்பாவுக்கு போன் செய்தேன். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். யாரென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அடப் பாவமே, அந்த காப்பி குடுத்தவரா? நல்ல மனுசன் சாமி" என்றார். பிறகு ஏதோ கேட்க வந்ததுபோல நிறுத்தினார். இத்தனை வருஷமாக அவர் நிறுத்திக்கொள்கிற அதே இடத்தில்.

ஐந்து புள்ளி இரண்டு என்று மூன்று முறை எழுதிய அந்தத் துண்டுத் தாள் என் பர்ஸில் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது. தூக்கிப் போடவும் முடியவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை. அன்றைக்கு ஜன்னல் வழியாக அப்பா கேட்டபோது இல்லை என்று சொல்ல எனக்குப் பாதி உரிமையாவது இருந்தது. இன்று அவர் வாய் விட்டுக் கேட்டிருந்தால், ஆமாம்ப்பா, எழுதிப்போட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.